ஹியூம் ஹைவேயை விட்டு இறங்கிச் சாப்பிட்ட பை (pie)

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் கிளம்பும் தமிழ்க் குடும்பம் என்னென்ன கட்டிக்கொண்டு போகும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க் நிறைய காபி, பிள்ளைகளுக்கு முறுக்கு. நாங்களும் அப்படித்தான். ஹியூம் ஹைவே வழியாக ஏறக்குறைய 880 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் பத்து மணி நேரம் ஆகும். பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் ஹைவே ஓரத்து சர்வீஸ் சென்டரில் நிற்பது, டிக்கியைத் திறந்துவைத்துத் தட்டில் சாதத்தைப் போட்டுச் சாப்பிடுவது, மறுபடி ஏறி ஓட்டுவது. புளியோதரைக்கு ஈடான பயணச் சாப்பாடு உலகத்தில் கிடையாது என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. ஆனால் இப்படியே போய்ப் போய் வந்ததில் அந்தச் சாலையில் இருக்கும் ஊர் ஒன்றைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கோல்பர்ன், யாஸ், கன்டகாய், டார்கட்டா, ஹோல்புரூக் எல்லாம் எனக்குப் பச்சைப் பலகையில் படித்த பெயர்கள், அவ்வளவுதான்.

இந்த முறை எங்களோடு ஒரு அண்ணன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், 1980களின் கடைசியில் சிட்னிக்கு வந்து வென்ட்வொர்த்வில் பக்கம் குடியேறியவர், எனக்குச் சித்தப்பா வயது இருக்கும். மெல்பர்னில் அவருடைய தங்கை மகளுக்கு பரதநாட்டிய அரங்கேற்றம், எங்களுக்கும் அழைப்பு இருந்தது. பிளேனில் போகலாமே என்றதற்கு, "ரோட்டால போனாத்தான் தம்பி போன மாதிரி இருக்கும்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், கோல்பர்னில் அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் செம்மறியாட்டைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஹோல்புரூக்கில நிப்பாட்டும். ஒரு பை சாப்பிட்டிட்டுப் போவம்." பை என்றால் மாவுக் கூட்டுக்குள் இறைச்சிக் குழம்பை வைத்து மூடிச் சுட்ட பேக்கரிப் பண்டம்.

புளியோதரை இருக்கிறதே அண்ணா என்று என் மனைவி பின் சீட்டிலிருந்து சொன்னாள்.

"அதைப் பின்னேரம் சாப்பிடலாம் பிள்ளை. புளிச்சாதம் எங்க போகப்போகுது?"

ஹோல்புரூக் எக்ஸிட்டில் இறங்கினால் ரோடு சட்டென்று அகலமான, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கடைத்தெருவாக மாறிவிடுகிறது. 110இல் ஓட்டிக்கொண்டு வந்த காலுக்கு 50 என்பது நின்றுபோன மாதிரி இருக்கும். அந்தத் தெருவோரப் பூங்காவில், கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. கறுப்பாக, 90 மீட்டர் நீளத்துக்கு, புல்தரையில் பாதி புதைந்த மாதிரி. ஆஸ்திரேலியக் கடற்படையில் இருந்த ஆட்வே என்ற கப்பல், அதன் நீர்மட்டத்துக்கு மேலே தெரிகிற பாகம் மட்டும். இந்த ஊருக்கு முதலில் ஜெர்மன்டன் என்று பெயர். முதல் உலகப்போர் வந்ததும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள ஊர்க்காரர்களுக்கு மனசில்லை, 1915இல் நார்மன் ஹோல்புரூக் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தளபதியின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அவர் 1914 டிசம்பரில் டார்டனெல்ஸ் நீரிணையில் கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்துபோய் ஒரு துருக்கிப் போர்க்கப்பலை மூழ்கடித்து விக்டோரியா கிராஸ் வாங்கியவர். ஆட்வே 1994இல் ஓய்வுபெற்றபோது, அதை வாங்கி ஊரில் வைக்க அவருடைய மனைவி 1,00,000 டாலர் கொடுத்தார், 1997இல் திறந்தார்கள். (அதே 1914 செப்டம்பரில்தான் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. நவம்பரில் அதைக் கோகோஸ் தீவுப் பக்கம் வைத்து முடித்தது சிட்னி என்கிற ஆஸ்திரேலியக் கப்பல். எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி ஹைட் பார்க் மூலையில் இருக்கிறது, பாட்டி சொன்ன எம்டன் கதையோடு வளர்ந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.)

பையன் கப்பல் மேல் ஏறி ஓட ஆரம்பித்துவிட்டான். நாங்கள் பேக்கரிக்குப் போனோம்.

காலை பத்தரை இருக்கும். வரிசையில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை போட்ட ரோடு வேலைக்காரர்கள், இரண்டு லாரி டிரைவர்கள், பின்னால் நாயை ஏற்றிய பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்த ஒரு வயசாளி விவசாயி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் லாமிங்டன், வெனிலா ஸ்லைஸ், பிங்க் ஐசிங் போட்ட நீளப் பன். இன்னொரு பக்கம் சூட்டுப்பெட்டி, அதற்குள் வரிசை வரிசையாகப் பை. வெறும் பை, துண்டு இறைச்சி போட்ட ஸ்டீக் பை, மிளகு ஸ்டீக், காளான் ஸ்டீக், சீஸ் பேக்கன், கறி பை, மேலே உருளைக்கிழங்கு மசியல் வைத்த பை, சிக்கன் பை. எதன் மூடியில் என்ன அடையாளம் போட்டிருக்கிறது என்று கவுன்டரில் நின்ற அம்மாவுக்கு மனப்பாடம். ஒன்றில் எள், ஒன்றில் கசகசா, ஒன்றில் கத்தியால் கீறிய ஒரு கோடு, அதை வைத்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அண்ணன் தனக்கும் எனக்கும் வெறும் பை இரண்டு சொன்னார். முதல் பை எப்போதும் வெறும் பைதான் சாப்பிட வேண்டுமாம், மற்றதெல்லாம் பிறகு.

சாஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். தக்காளி சாஸ், தனிக் காசு. நடுவில் மடித்து அமுக்கினால் இரண்டு அறையிலிருந்தும் சாஸ் ஒரே கோடாகப் பீய்ச்சிக்கொண்டு வரும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் இங்கே எல்லாப் பேக்கரியிலும் இருக்கும். தட்டு, கத்தி, முள்கரண்டி எதுவும் தரமாட்டார்கள், கேட்கவும் கூடாது. காகித உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் வாய்க்குக் கொண்டுபோனேன். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"உடன கடியாதையும் தம்பி, நாக்கு அவிஞ்சு போகும். ஓரத்தில சின்னனாக் கடிச்சிட்டு ஆவியைப் போக விடும்."

அவர் செய்கிறதைப் பார்த்துச் செய்தேன். காகித உறையைப் பாதிவரை கீழே சுருட்டி, பையின் அடிப்பாகம் காகிதத்துக்குள்ளேயே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, ஓரத்தில் ஒரு கடி. அந்த ஓட்டை வழியாக ஆவி வந்தது, அதோடு மிளகும் வெங்காயமும் வதங்கிய இறைச்சியும் சேர்ந்த ஒரு வாசனை. அதற்குப் பிறகு மூடியின் நடுவில் விரலால் ஒரு குழி போட்டு அதில் சாஸை விட்டார். மேலே பரப்பக்கூடாது, மூடியின் மொறுமொறுப்பு போய்விடும் என்றார்.

சாப்பிட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது நம்மூர் பேக்கரி பப்ஸ்தான். மூடி அதே சாதி, ஏடு ஏடாகப் பிரிந்து மேல்சட்டையெல்லாம் உதிர்கிறது. ஆனால் பப்ஸ் உள்ளே உலர்ந்த மசாலா இருக்கும், இதில் இருப்பது குழம்பு. கெட்டியான, பழுப்பு நிறமான, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிகிற கிரேவி, அதில் பொடியாக அரைத்த மாட்டிறைச்சி. உப்பு சரியாக இருந்தது, மிளகு தாராளமாக இருந்தது. வெள்ளைக்காரச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று நம்மவர்கள் பொதுவாகச் சொல்வோம் இல்லையா, இந்தப் பையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காரம் தொண்டையின் பின்பக்கத்தில் மெதுவாக ஏறும், மிளகு ரசம் குடித்தவர்களுக்குப் பழக்கமான இடம்தான் அது. மேல்மூடி நொறுங்குகிறது, அடிப்பாகம் அழுத்தமான வேறு ஒரு மாவு, மூடியும் பக்கச் சுவரும் சேருகிற விளிம்பு பிஸ்கட் போல கடினமாக இருக்கும், அந்த விளிம்பில் கிரேவி கசிந்து காய்ந்து கருகிய ஒரு இடம் இருக்கும் பாருங்கள், எனக்கு மொத்தப் பையிலும் பிடித்தது அதுதான். அந்த ஒரு அங்குலத்துக்காக இன்னொன்று வாங்கலாம்.

கூட்டம் குறைந்ததும் உள்ளே போய் கவுன்டர் அம்மாவிடம் இந்த இரண்டு மாவு விஷயத்தைக் கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார். அடியில் போடுவது வெண்ணெயோ கொழுப்போ பிசிறிய கெட்டி மாவு, குழம்பைத் தாங்க வேண்டும், கையில் பிடிக்கும்போது உடையக்கூடாது. மேலே போடுவது மடித்து மடித்துத் தேய்த்த ஏட்டு மாவு, அது எழும்பினால்தான் அழகு. இறைச்சிக் குழம்பை முதல் நாளே காய்ச்சி இரவெல்லாம் குளிரவைத்துவிடுவார்கள். சூடாக ஊற்றினால் அடிமாவு ஊறி, வெந்தபிறகும் பச்சையாகவே நிற்கும். குளிர்ந்த குழம்பு சோளமாவினால் அல்வா பதத்துக்கு இறுகியிருக்கும், அதை எடுத்து வைத்து, மூடி போட்டு, ஆவி போக ஓட்டை குத்தி அடுப்பில் வைத்தால் வெளியே மாவு வேகிற நேரத்தில் உள்ளே அது மறுபடி இளகிக் கொதிக்கும். அதனால்தான் முதல் கடியில் நாக்கு போகிறது. வேலை விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.

சூட்டுப்பெட்டி பற்றியும் கேட்டேன். ஆஸ்திரேலிய உணவு விதிப்படி சூடாக விற்கிற பண்டத்தை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் பெட்டி. ஆனால் அதில் நேரம் ஆக ஆக மூடி வறண்டு அடிப்பாகம் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே பை சாப்பிட நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. மாலை நான்கு மணிக்கு ஒரு பேக்கரிக்குள் நுழைந்து பெட்டியில் தனியாக மிச்சமிருக்கும் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இந்த நாட்டுப் பை இவ்வளவுதானா என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இறைச்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். மீட் பை என்று எழுதியிருந்தால் நடைமுறையில் மாட்டிறைச்சிதான். சட்டம் மாடு என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலிய உணவுத் தர விதிப்படி மீட் பை என்று பெயர் வைக்க எடையில் குறைந்தது 25 சதவீதம் இறைச்சித் தசை இருக்க வேண்டும், அந்த இறைச்சி மாடு, ஆடு, பன்றி, கோழி, முயல், மான், எருமை, ஒட்டகம் எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஈரல், குடல் மாதிரி உள்ளுறுப்பு சேர்த்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல பேக்கரியில் கேட்டால் எந்த இறைச்சி என்று நேராகச் சொல்வார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவன், எனக்குச் சிக்கல் இல்லை. மனைவி சாப்பிடமாட்டாள், அவள் சிக்கன் பை வாங்கினாள், வெள்ளைக் குழம்பில் பட்டாணியும் கேரட்டும் போட்டது, நன்றாகவே இருந்தது. சுத்த சைவக்காரர்கள் பசலைக்கீரையும் சீஸும் சுருட்டிய ரோலை வாங்கும் முன்னால் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் மாவிலேயே மாட்டுக் கொழுப்பு இருக்கும். ஹலால் வேண்டும் என்றால் மேற்கு சிட்னியில் கஷ்டமில்லை, கிராமப்புறத்தில் தேட வேண்டியிருக்கும்.

காரில் ஏறியதும் அண்ணன் பழைய கதைக்குள் போய்விட்டார். அவர் வந்த புதிதில் இந்த ரோடு இப்படி இல்லையாம். "அப்ப எல்லா ஊருக்குள்ளாலயும்தான் ரோட்டுப் போகும். லொறியளுக்குப் பின்னால ஊர்ந்து ஊர்ந்து போக வேணும். ஊர் வந்தா நிண்டுதான் போறது. கையில பெரிசாக் காசும் இல்லை, ஒரு பையும் ஐஸ் கோப்பியும் வாங்கினா மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது." ஐஸ் காபி என்றால் இங்கே அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பால் காபி, பையின் உப்புக்கும் சூட்டுக்கும் அது அவ்வளவு பொருத்தம், லாரிக்காரர்கள் கையில் இரண்டும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

அவர் சொல்வது பெரும்பாலும் நிஜம். ஹியூம் ஹைவே ஊர் ஊராக விலகிப்போன கதை பல ஆண்டுகள் நடந்தது. கன்டகாய்க்கு 1977லேயே பைபாஸ் வந்துவிட்டது, கோல்பர்னுக்கு 1992, யாஸுக்கு 1994, டார்கட்டாவுக்கு 2011. கடைசியாக மிச்சமிருந்தது ஹோல்புரூக்தான், 2013 ஆகஸ்டில் அதற்கும் பைபாஸ் திறந்தபோது சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை முழுக்க, போகவும் வரவும் தனித்தனியாகப் பிரித்த சாலை ஆகிவிட்டது. உயிர்ச்சேதம் குறைந்தது, நேரம் குறைந்தது, அது நல்லதற்குத்தான், இரவில் எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் ஒற்றை ரோட்டில் ஓட்டியவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான வண்டி வாசலில் நின்றுபோன ஊருக்கு, ஒரு காலையில் திடீரென்று யாருமே வராமல் போவது என்ன மாதிரி இருந்திருக்கும். பெட்ரோல் பங்க் போகும், மோட்டல் போகும். சர்வீஸ் சென்டரில் எல்லாமே கிடைக்கும்போது ஊருக்குள் வர ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமாகப் பல ஊர்களில் மிஞ்சியிருப்பது பேக்கரிதான், பையும் அதோடு ஒரு கப்பலோ ஒரு சிலையோ ஏதோ ஒன்று. சர்வீஸ் சென்டரிலும் பை இருக்கும். பிளாஸ்டிக் உறையில் வந்து மைக்ரோவேவில் சூடேறும் அது பசிக்கு ஆகும், நான் மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது.

தொழிற்சாலைப் பையையே மொத்தமாகக் குறை சொல்லவும் மாட்டேன். ஃபோர் அண்ட் ட்வென்டி என்ற பை 1947இல் விக்டோரியாவின் பென்டிகோவில் தொடங்கியது, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனால் கையில் அது இல்லாதவர்களை எண்ணிவிடலாம். ஜூலை மாதக் குளிரில் கேலரியில் உட்கார்ந்திருக்கும்போது அது கைக்கு அடுப்பு. அண்ணன் முதல்முதலில் சாப்பிட்ட பை அங்கேதானாம், வேலை செய்த இடத்துக்காரர்கள் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது.

அந்த 1947க்கும் நூறு வருஷம் முன்னால் சிட்னித் தெருக்களில் பை விற்றவர்கள் கூடையில் சுமந்து விற்றிருக்கிறார்கள். அதில் வில்லியம் கிங் என்று ஒருவர், பறக்கும் பைக்காரர் என்றுதான் ஊரே கூப்பிட்டது. லண்டனிலிருந்து வந்தவர். ரிப்பன் கட்டிய நீளத் தடியோடு, நீராவிப் படகு ஏறப்போகிறவர்களுக்குப் பை விற்றுவிட்டு, படகு போய்ச் சேருவதற்குள் நடந்தே அடுத்த ஊருக்குப் போய் அவர்கள் இறங்கும்போது மிச்சப் பையை விற்பாராம். 1840களில் பந்தயம் கட்டி நடப்பதில் பெயர் வாங்கியவர், ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார், குதிரை வண்டியோடு போட்டி போடுவார். பிரயாணமும் பையும் இந்த நாட்டில் அப்போதே சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒரு கையில் பிடித்து, நடந்துகொண்டே, நின்றுகொண்டே சாப்பிட முடிகிற முழுச் சாப்பாடு. ஆடு மேய்க்கப் போகிறவனுக்கும் தங்கம் தோண்டப் போகிறவனுக்கும் ரோடு போடுகிறவனுக்கும் அதைவிட வேறு என்ன தோதுப்படும்?

அரங்கேற்றம் நன்றாக நடந்தது, அந்தப் பெண் வர்ணத்தில் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டாள். அது தனிப் பதிவு.

திரும்பி வரும்போது நானே ஹைவேயை விட்டு இறங்க ஆரம்பித்துவிட்டேன். வாங்கரட்டா பக்கம் திரும்பி பீச்வொர்த் போனோம். 1850களின் தங்க வேட்டையில் எழும்பிய ஊர், தேன் நிறக் கல்லில் கட்டிய நீதிமன்றமும் சிறையும் அப்படியே இருக்கின்றன. 1880இல் நெட் கெல்லி என்ற பேர்போன கொள்ளைக்காரனைப் பிடித்த பிறகு முதல் விசாரணை இங்கேதான் நடந்தது. அந்த ஊரின் பீச்வொர்த் பேக்கரி நாடு முழுக்கப் பிரபலம், அங்கே நெட் கெல்லி பெயரிலேயே ஒரு பை உண்டு, இறைச்சிப் பைக்கு மேலே முட்டை, பேக்கன், சீஸ் எல்லாம் வைத்துச் சுட்டது. பையன் அதைக் கேட்டு வாங்கி முழுசாகத் தின்றான். எனக்கு அது ஒரு பைக்கு மேல் ஒரு காலைச் சாப்பாட்டைக் கவிழ்த்த கணக்கு, ருசியாகத்தான் இருந்தது, ஆனால் மிளகும் கிரேவியும் பேச இடமில்லை. வெறும் பைதான் என் கட்சி என்று அங்கே முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்களின் கதை இது என்பதால். பேக்கரி வாசலில் மீட் பை என்று ஒரு பலகை, அதற்குக் கீழே வியட்நாமிய பன் மீ ரொட்டி என்று இன்னொரு பலகை. நான் கறி பை கேட்டேன். மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் இனிப்பாக, மஞ்சளும் மல்லியும் வெந்தயமும் தெரிகிற குழம்பு. நம் வீட்டு மசாலாவோடு சண்டைக்கு நிறுத்தினால் தோற்கும், ஆனால் அப்படி நிறுத்துவது நியாயமில்லை. இந்த ஊர்க் கறித்தூளுக்குத் தனிப் பரம்பரை இருக்கிறது. ஜோசப் கீன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவில் குடியேறி ஒரு கறித்தூள் செய்து விற்றார், கீன்ஸ் கறித்தூள் இன்றும் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் ஆரஞ்சு டப்பாவில் கிடைக்கிறது, ஹோபார்ட்டில் ஒரு மலைச்சரிவில் அதன் பெயரே மிகப் பெரிய எழுத்துகளில் கிடக்கிறது. டாஸ்மேனியாக்காரர்கள் கடல் சிப்பியைக் கறித்தூள் போட்டுப் பையில் வைத்துச் சாப்பிடுவதை அந்தத் தீவின் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷமாக இவர்கள் வீட்டில் இருக்கிற ருசி. அதை அதுவாகவே சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது, வெந்தயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தூக்கல்.

அந்தக் கடையின் சொந்தக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். கம்போடியாக்காரர். அண்ணன் யாரைப் பார்த்தாலும் எப்போது வந்தீர்கள் என்றுதான் கேட்பார், அவரிடமும் கேட்டார். சின்னப் பையனாகத் தாய்லாந்து எல்லை முகாமில் இருந்து, 1980களில் அப்பா அம்மாவோடு வந்தாராம். நீங்கள், என்று கேட்டார். அண்ணனும் வருஷத்தைச் சொன்னார், எந்த ஊர் என்பதைச் சொன்னார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. பிறகு பேச்சு அடுப்புக்குப் போய்விட்டது. முன்பு இருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு வயதானதும் அவர்கள் பிள்ளைகள் யாரும் விடியற்காலை இரண்டு மணி வேலைக்கு வர விரும்பவில்லை, கடையை மூடுகிற நிலை. இவர் வாங்கினார். முதல் ஆறு மாதம் பழைய சொந்தக்காரர் கூடவே நின்று குழம்பின் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மிளகின் அளவை மாற்றாதே, ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. மாற்றவில்லையாம். பன் மீ பலகையை நான்கைந்து வருஷம் கழித்துத்தான் வைத்தாராம்.

இது அந்த ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. 1975க்குப் பிறகு வியட்நாமிலிருந்தும் அப்புறம் கம்போடியாவிலிருந்தும் அகதிகளாக வந்தவர்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ரொட்டி வித்தை தெரிந்தவர்கள், முதலில் சிட்னி மெல்பர்ன் புறநகர்களில் ரொட்டிக்கடை போட்டார்கள், பிறகு கிராமப்புறங்களில் கைமாறிய பேக்கரிகளை எடுத்து நடத்துகிறார்கள். மெல்பர்னுக்கு வடமேற்கே கைன்டன் என்ற ஊரில் கன்ட்ரி காப் பேக்கரி என்று ஒன்று இருக்கிறது, கம்போடியாவில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்துவது. 2018இல் அவர்களுடைய கேரமல் பன்றி இறைச்சி மிளகுப் பை ஆஸ்திரேலியாவின் சிறந்த பை என்று போட்டியில் ஜெயித்தது, 2019லும் அந்தப் பேக்கரிதான் ஜெயித்தது. இந்த நாட்டுக்காரர்கள் தங்கள் தேசியச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்கிற பண்டம் அது. அதைச் சுடுகிற கை யாருடையது என்று அந்த ஊர்களில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, நல்ல பையா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. விடியற்காலை அடுப்பு மூட்டுகிறவர் இருப்பதால்தான் அந்தத் தெருவில் இன்னும் விளக்கு எரிகிறது.

இதைப் படித்துவிட்டு அடுத்த விடுமுறைக்கு ஹியூமில் போகிறவர்களுக்கு: காலை ஐந்து, ஐந்தரைக்கு சிட்னியை விட்டுக் கிளம்பினால் ஹோல்புரூக் பத்தரைக்கு வந்துவிடும், ஹைவேயிலிருந்து ஊருக்குள் போய்வர அதிகமானால் பத்து நிமிஷம் கூடும். ஒரு பை ஏழெட்டு டாலர் ஆகும். பெட்டியில் இருப்பது எப்போது சுட்டது என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள், அடுத்த தட்டு பத்து நிமிஷத்தில் வரும் என்றால் காத்திருங்கள். காருக்குள் வைத்துச் சாப்பிடாதீர்கள், ஏடு உதிர்ந்தால் சீட் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும், வெளியே எப்படியும் ஒரு பெஞ்ச் இருக்கும். பிள்ளைகளுக்கு மூடியைப் பிரித்து ஆறவைத்துக் கொடுங்கள். புளியோதரையை மறக்காமல் கட்டிக்கொண்டு போங்கள், ஆல்பரி தாண்டியதும் பசிக்கும்.

எங்களுக்கு அடுத்து கைன்டன். பொங்கலை ஒட்டி மெல்பர்ன் போகிற வேலை இருக்கிறது, அண்ணன் இப்போதே முன் சீட் தனக்கு என்று சொல்லிவைத்துவிட்டார்.